தாத்தா சொல்லாமல் விட்ட ஊரைத் தேடுவது எப்படி

சொந்த ஊரைப் பற்றி வாயே திறக்காத தாத்தாக்கள் நிறைய வீடுகளில் இருந்திருக்கிறார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர், கடன்பட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியவர், அங்கே ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே ஒரு குடும்பம் நடத்தியவர், கேஸுக்குப் பயந்தவர். காரணம் எதுவானாலும், தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் தாத்தாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மறைக்க நினைத்தவர் முதலில் மாற்றியிருப்பது அந்தப் பெயரைத்தான்.

இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் என்று அலைவதிலும் பலன் குறைவு. இறப்புப் பதிவில் உள்ள தகப்பனார் பெயரை ஆபீஸில் போய்ச் சொன்னது உங்கள் அப்பாவோ பெரியப்பாவோதான். வீட்டில் ஏற்கெனவே தெரிந்தது அச்சில் திரும்பி வரும், அவ்வளவே. எந்தக் காகிதம் கிடைத்தாலும் இதில் பேசியிருப்பது யார் என்று பாருங்கள். தாத்தாவைத் தெரிந்த இன்னொருவர் பேசியிருந்தால் அதை முதலில் எடுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்கச் சொல்லும். இங்கே வீடுவாரியாக எழுதிய பழைய படிவங்களை வைத்திருக்கவில்லை, அச்சிட்ட எண்ணிக்கைகள்தான் உண்டு. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முதல் இடம் பரண். அங்கே தேட வேண்டியது மொய் நோட்டு. அத்தைகளில் மூத்தவரின் கல்யாண நோட்டு கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஊர், பெயர், தொகை என்றுதான் வரிசை ஓடும். ஒவ்வொரு வரியையும் ஊர்வாரியாகப் பிரித்து எழுதுங்கள். பாட்டி வழி ஊர்கள், குடியிருந்த ஊர், தொழில் பழக்கம் எல்லாவற்றையும் கழித்தால், எதிலும் சேராத ஒன்றிரண்டு ஊர்கள் மிஞ்சும். எங்கோ 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து ஒரே ஒருவர் வந்து, அக்கம்பக்கத்தாரைவிடக் கூடுதலாக எழுதிவிட்டுப் போயிருந்தால் அந்த வரியைச் சும்மா விடாதீர்கள். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதனால் தாத்தா பிறகு எந்த ஊர் விசேஷத்துக்குத் தனியாகப் போய்வந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

அடுத்தது மணியார்டர் ஒப்புதல் சீட்டு. பணம் பெற்றவரின் கையெழுத்தோ ரேகையோ பதிந்து, அங்கத்திய தபாலாபீஸ் முத்திரையோடு அனுப்பியவருக்கே திரும்பி வந்த துண்டு அது. கடிதத்தைக் கிழித்துப் போடுகிறவர்கள்கூடப் பணம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி என்று இதை வைத்திருப்பார்கள். கணக்குப் புத்தகத்துக்குள்ளும் பழைய டைரியின் அட்டைக்குள்ளும் பாருங்கள். முத்திரை மங்கியிருந்தால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் படமெடுத்தால் எழுத்து எழும்பி வரும். கிழிந்த காகிதத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். பசை சில வருஷத்தில் பழுத்து மையையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

கையெழுத்துகளை வருஷ வரிசையில் அடுக்கிப் பார்ப்பதும் நல்லது. பழைய ஆட்களுக்கு இரண்டு இனிஷியல் இருந்தால் பல குடும்பங்களில் முதலெழுத்து ஊர், அடுத்தது தகப்பனார். முந்தைய கையெழுத்தில் இரண்டு இருந்து பிற்பாடு ஒன்றாகியிருந்தால், உதிர்ந்தது ஊராக இருக்கலாம்.

தேதியும் ஊர் சொல்லும். தீர்வை ரசீதில் பசலி, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டு, இருக்கும். 590 கூட்டினால் ஆங்கில வருஷம், ஜூலையில் தொடங்கும். பசலி 1347 என்றால் 1937 ஜூலை முதல் 1938 ஜூன் வரை. ஜாதகத்திலோ நோட்டிலோ கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் தேடலைத் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் திருப்பலாம். அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும், மாதத்தைப் பொறுத்து. பிரபவ, விபவ வருஷங்கள் 60க்கு ஒருமுறை சுற்றுவதால் 1867ஆ 1927ஆ என்று ஆளின் வயதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இனி பத்திரம். தாத்தா இந்த ஊரில் வாங்கிய முதல் சொத்தின் கிரயப் பத்திரம்தான் வேண்டும், அது வெறும் இரண்டு சென்ட் மனையாக இருந்தாலும் சரி. பின்னால் வந்த பத்திரங்களில் அவர் இந்த ஊர்க்காரராகவே ஆகியிருப்பார். முதல் பத்திரத்தில் மட்டும் "இன்ன ஜில்லா இன்ன தாலுகா இன்ன கிராமம், தற்சமயம் இவ்வூரில் குடியிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று நீளமாக எழுத வாய்ப்புண்டு. பழைய பத்திரங்களில் சாதியும் தொழிலும் சேர்ந்தே வரும். அங்கும் அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஆகவே கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். சாட்சிகள் இரண்டு பேர், அப்புறம் சார்பதிவாளர் முன் "இன்னார் என்று நிரூபித்தவர்கள்" இருப்பார்கள். நிரூபிக்க வந்தவர் எழுதிக்கொடுப்பவரைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதனால் தாத்தா வாங்கிய பத்திரத்தைவிட அவர் எழுதிக்கொடுத்த அடமானமோ விற்பனையோ இந்த விஷயத்தில் அதிகம் பேசும். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவரை நிரூபிக்க யார் முன்வருவார்? முன்பே அறிந்த சொந்தக்காரனோ, ஒரே ஊரிலிருந்து வந்து கடை போட்டவனோதான். அந்தச் சாட்சியின் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் உண்மையாக இருக்கும், அவருக்கு மறைக்க ஒன்றுமில்லையே. அசல் கையில் இருந்தால் முத்திரைத்தாளின் பின்புறத்தையும் பாருங்கள். ஸ்டாம்பு வெண்டார் எழுதிய வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர், ஊர் அங்கே இருக்கும். தாள் வெளியூரில் வாங்கியிருந்தால் அதுவும் ஒரு துப்பு.

அசல் தொலைந்திருந்தால் சார்பதிவகம். சர்வே எண் தெரிந்தால் வில்லங்கம் போடலாம். இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிந்தையதுதான் கிடைக்கும், அதற்கு முன்னால் நேரில் மனு கொடுத்துத் தேட வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1980களில் நடந்த யூடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பில் எண்கள் பல இடங்களில் மாறிவிட்டன. இன்றைய பட்டாவில் உள்ள எண்ணைக் கொடுத்தால் "வில்லங்கம் ஏதுமில்லை" என்று வரும், பத்திரமே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டு விவரத்தைத் தாலுகா ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அந்தக் கிராமம் அப்போது எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்பதையும் விசாரியுங்கள், பல ஆபீஸ்கள் பிரிந்து பிறந்தவை. எண்ணே தெரியாவிட்டால் முதல் அட்டவணை, அதாவது பெயர் அட்டவணை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, சொத்துப் பத்திரங்கள் பதியும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்றாம் புத்தகத்தில் உள்ள உயிலுக்கு, எழுதியவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் நகல் உண்டு. இதர பத்திரங்கள் உள்ள நான்காம் புத்தகத்துக்கு மட்டும் சம்பந்தப்பட்டவரின் பிரதிநிதி என்று காட்ட வேண்டும், வாரிசுச் சான்று எடுத்துப் போங்கள்.

சந்தேகப்படும் ஊர் ஒன்று கிடைத்ததும் அந்த ஊர்ச் சார்பதிவகத்தில் தேட வேண்டியது விடுதலைப் பத்திரம். ஊரைவிட்டுப் போகிறவன் அண்ணன் தம்பிகளுக்குப் பங்கை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பழைய பெயர், தகப்பனார், சகோதரர்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் நிற்கும்.

குலதெய்வத்தைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலிலேயே கேட்க வேண்டியது. மூத்த பிள்ளைக்கு முதல் மொட்டை எங்கே அடித்தார்கள், காது எங்கே குத்தினார்கள், மஞ்சள் துணியில் காசு முடிந்து எந்தச் சாமிக்கு வைத்தார்கள் என்று அத்தைகளைக் கேளுங்கள், சித்தப்பாக்களுக்கு இது நினைவிருக்காது. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோவில் என்றால் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பார்க்கலாம். மாசி சிவராத்திரி என்றால் மதுரை, விருதுநகர் வட்டாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவில் தெரிந்துவிட்டால் அங்கே தலைக்கட்டு வரி நோட்டு இருக்கிறதா என்று பூசாரியைக் கேட்கலாம். பங்காளிகளின் பெயர் வரிசை அது.

தாத்தா கடல் கடந்து திரும்பியவர் என்றால் வழி வேறு. இலங்கைத் தோட்டத்திலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி வந்த குடும்பமானால் அந்தக் கால இந்திய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும்தான் ஆதாரம். அந்த ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது 5,25,000 பேரை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போனவர்களுக்கு ஆவணம் இன்னும் நன்றாக இருக்கிறது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை கப்பல் பட்டியலில் எழுதினார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது என்பதால் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் பிடிபடும். சாதிப் பத்தியை அப்படியே நம்ப வேண்டாம். கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் சொன்னதுதான் அங்கே ஏறியிருக்கும். தழும்பைப் பற்றிய குறிப்பை அதைவிட நம்பலாம். மலாயாவுக்குக் கங்காணி, அதாவது ஆள்பிடிக்கும் மேஸ்திரி, மூலம் போனவர்களுக்கு இந்த மாதிரி ஒழுங்கான பட்டியல் கிடையாது.

டிஎன்ஏ சோதனை பற்றிக் கேட்கிறார்கள். தாத்தாவோடு பேரனுக்குச் சராசரியாக 25 விழுக்காடு ஒத்துப்போகும், தாத்தாவின் அண்ணன் பேரனோடு 3 விழுக்காடுதான். நம்மில் மாமன் மகள், அக்காள் மகள் கல்யாணம் தலைமுறைதோறும் நடந்திருப்பதால் ஒத்துப்போகும் அளவு கூடும், தூரத்துச் சொந்தத்தை நெருங்கிய சொந்தம் என்று கணினி காட்டும். வீட்டில் மூத்தவரை முதலில் சோதியுங்கள். அம்மாவின் அப்பாவைத் தேடுகிறீர்கள் என்றால் ஒய் குரோமோசோம் சோதனைக்குத் தாய்மாமனோ அவர் மகனோதான் வேண்டும், உங்களுடையது உதவாது.

ஊர் உறுதியானதும் நேரே வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். டீக்கடை, கோவில், ஊரில் வயதான ஒருவர் என்று போங்கள். தாத்தாவின் இளவயதுப் படம் ஒன்று போதும். பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்ற பயம்தான் எதிரே நிற்கும். ஏழு வருஷம் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டத்தில் இடமிருந்ததால், அவர் பெயரை விட்டுவிட்டே வாரிசும் பாகப்பிரிவினையும் எழுதியிருக்கக்கூடும். அப்படி ஒரு பத்திரத்தின் நகல் உங்களிடம் இருந்தால் முதல் சந்திப்புக்கு அதை எடுத்துப் போக வேண்டாம். அவர்களாகவே "எங்க பெரியப்பா ஒருத்தர் சின்ன வயசுலயே போயிட்டார்" என்று சொல்லும்வரை பொறுங்கள். எந்த வருஷம், எந்த விரலில் தழும்பு, கூடப் போனது யார் என்று கேட்டு, உங்கள் பத்திரத்தில் நிரூபித்தவரின் பெயர் அவர்கள் வாயிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். நீங்களாக அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதையும் சரிபார்க்க முடியாது.