கரும்பலகையில் எழுதிய பெயர்

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று செயலாளர் மூன்று முறை போன் பண்ணிவிட்டார். விளையாட்டுப் போட்டி, கலைவிழா பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு இத்தனை வருடமாக மறக்காமல் நிற்பது எட்டாம் வகுப்பில் ஒரு மத்தியானம்.

அப்போது நான் வகுப்புத் தலைவன். சார் வெளியே போனால் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. கடைசி பெஞ்சில் ஒருவன் இருந்தான், பெயர் வேண்டாம். எங்கே சத்தம் வந்தாலும் அது அவன்தான் என்று எனக்குள் ஒன்று சொல்லிவிடும், நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன், அவன் பெயர் பலகையில் ஏறிவிடும், சார் வந்ததும் அவன் எதுவும் பேசாமல் எழுந்து வெளியே போய் நிற்பான். அன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்பு கேட்டது. எழுதினேன். வகுப்பே சிரித்தது. அவன் அன்று லீவு.

டஸ்டரை எடுத்து அழித்தேன். சரியாக அழியவில்லை, முதல் எழுத்து மங்கலாக நின்றது. வயிற்றை ஏதோ பிசைந்தது. அதற்கு முன்னால் எத்தனை நாள் அவன் உண்மையிலேயே பேசினான், எத்தனை நாள் நான் சும்மா எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

'அவன்தான்' என்று சொன்னதும் என் உள்ளுணர்வுதான். 'தப்பு பண்ணிவிட்டாய்' என்று பிசைந்ததும் அதேதான். இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே உறுதியோடு வந்தன.

பிற்பாடு இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். நல்லது கெட்டது என்ற தீர்ப்பு மனதில் சட்டென்று விழுந்துவிடுகிறது, காரணங்களைப் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தேடுகிறோம் என்று உளவியலாளர் ஜொனதன் ஹைட் 2001இல் எழுதினார். என் விஷயத்தில் அது அப்படியே உண்மை. அப்புறம், டேனியல் கானமன், கேரி கிளைன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று. உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள் இவர்கள். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது இதைத்தான்: சூழலில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், நம் ஊகம் சரியா தப்பா என்று பார்த்துப் பார்த்துப் பழக வாய்ப்பும் இருக்க வேண்டும். அனுபவப்பட்ட தீயணைப்பு வீரருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் ஒருவரைத் தப்பாக எடைபோட்டால் யார் வந்து நமக்குச் சொல்கிறார்கள்? அவன் அன்று லீவு போட்டதால் எனக்குத் தெரிந்தது. அவன் வந்திருந்தால் வருடம் முழுக்க என் ஊகம் சரி என்றே நம்பியிருப்பேன்.

இப்போது வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்கார்கிறேன். சிலரைப் பார்த்ததும் 'ஏனோ சரிப்படாது' என்று தோன்றும். அவர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பதில் இல்லையென்றால் அந்த எண்ணத்தை மதிப்பெண்ணில் சேர்க்க மாட்டேன். ஆனால் நானே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகும்போது உள்ளே உறுத்தினால், காரணம் பிடிபடாவிட்டாலும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். இரண்டும் உள்ளுணர்வுதானே, ஏன் இந்தப் பாரபட்சம் என்று கேட்கலாம். என் மேல் வரும் சந்தேகத்தால் எனக்கு ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான். அடுத்தவர் மேல் வரும் சந்தேகத்துக்கு விலை கொடுப்பது நான் இல்லை.

அவன் நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறான். எல்லார் பிறந்தநாளுக்கும் முதல் வாழ்த்து அவனுடையதுதான். இந்த மலரையும் வாசிப்பான்.

டேய், நான் எழுதிய அத்தனை நாளில் எத்தனை நாள் நீ பேசவே இல்லை? அடுத்த ஒன்றுகூடலில் எனக்குச் சொல். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.