பால் கொடுக்கும் காலத்தில் கருத்தடை: நான் முடிவெடுத்த விதம்

பிரசவத்துக்குப் பிறகு எந்தக் கருத்தடை முறை என்பதைக் கர்ப்பமாக இருக்கும்போதே பேசி வைத்துவிட வேண்டும். என்னிடம் அந்தக் கேள்வி வந்தது பிரசவ அறையில், வலி விட்டு விட்டு வருவது நின்று தொடர்ந்து வரத் தொடங்கிய நேரத்தில். "காப்பர் டி போட்டுவிடலாமா, கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார்கள். கருத்தரிக்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் பொருத்தும் சிறிய செம்புச் சாதனம் அது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்த முறையின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த நிலையில் இருக்கும் ஒருத்தியிடம் சம்மதம் கேட்பதே முறையில்லை. மாதாமாதம் பரிசோதனைக்குப் போனேன். எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

நஞ்சுக்கொடி வெளியே வந்த உடனேயோ 48 மணி நேரத்துக்குள்ளோ காப்பர் டி பொருத்தலாம், அதைத் தாண்டினால் ஆறு வாரம் கழித்துத்தான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். முன்பே யாராவது விளக்கியிருந்தால் அன்றைக்கே சம்மதித்திருப்பேனோ என்னவோ.

தென்காசிப் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்ததும் ஆச்சி அடித்துச் சொன்னார்: "பிள்ளை பால் குடிக்கிற வரைக்கும் அடுத்தது தங்காது." ஆச்சியின் காலத்து அனுபவத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. தாய்க்கு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. குழந்தை இரவிலும் பகலிலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் நூறு பெண்களில் ஏறக்குறைய 98 பேருக்குக் கர்ப்பம் தங்காது. ஒன்று விலகினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடக்கூடும் என்பதால், "இன்னும் குளிக்கவில்லையே" என்று நிம்மதியாக இருப்பவள் மாதவிலக்கைப் பார்க்காமலேயே மறுபடி உண்டாகிவிடலாம். என் சித்தி மகளுக்கு அப்படித்தான் ஆனது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்த அவளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. நான்காவது மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் குழந்தைக்குப் புட்டிப்பால் தொடங்கிவிடும் என்பது தெரிந்ததால், ஆச்சியின் கணக்கு எனக்குப் பாதி வழிதான் வரும்.

நாற்பத்தைந்து நாள் ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன புதன்கிழமைதான் இதைப் பற்றி உட்கார்ந்து பேச ஆள் கிடைத்தது. ஊசிக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகு, கிராம சுகாதார செவிலியர் என்னைத் தனியாக அழைத்து உட்கார வைத்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: "அடுத்த பிள்ளை எப்போது வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" மூன்று வருடம் கழித்து என்றேன். அங்கிருந்து பேச்சு ஓடியது.

பக்கத்து வீட்டு அக்கா மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்திருந்தார். அதைக் காட்டியதும் நர்சம்மா வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கிறது. அது பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களில் காலில் ரத்தம் உறையும் ஆபத்தையும் கூட்டும். பால் கொடுப்பவர்கள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை அதைத் தவிர்ப்பதுதான் வழக்கம். அக்கா நல்ல மனதோடுதான் கொடுத்தார். ஆனால் அவருடைய கடைக்குட்டி பால்குடி மறந்து வருடங்கள் ஆகின்றன, அவருக்கு அது ஒத்துக்கொண்டது.

அடுத்தது சாயா மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மருந்து இது, ஹார்மோன் கிடையாது. பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மாதவிலக்கு தள்ளிப்போகலாம் என்று சொன்னார். எனக்கு அது ஒத்துவராது என்று பட்டது. ஒரு நாள் தள்ளிப்போனாலும் தூக்கம் போய்விடுகிற சுபாவம் எனக்கு. அதோடு, விடைத்தாள் திருத்தும் வாரங்களில் கிழமையே நினைவில் நிற்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி என் தோழி ஒருத்திக்கு நன்றாகப் பொருந்தியது. ஆறு வாரத்துக்குப் பிறகு போடலாம், பாலைப் பாதிக்காது. ஆனால் ஒழுங்கில்லாத ரத்தக்கசிவு இருக்கலாம், ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் கூடுதலாகலாம். "மூன்று வருடத்தில் அடுத்தது வேண்டும் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள்" என்றார் நர்சம்மா.

வீட்டில் யாரும் பேசாத ஒன்றையும் அவராகவே சொன்னார். பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டுபோகும், தாம்பத்தியம் வலிக்கும். எனக்கு ஏதோ கோளாறு என்று பயந்துகொண்டிருந்தேன், அவர் சொல்லித்தான் மனம் சமாதானமானது. முடிவெடுக்கும் வரை ஆணுறை போதும் என்று தீர்மானித்திருந்தோம். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவவே கூடாது, ரப்பர் பலவீனமாகிக் கிழிந்துவிடும், மருந்துக் கடையில் விற்கும், எண்ணெய் இல்லாமல் நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் சரி என்பதும் அவர் சொன்னதுதான். இதை எத்தனை வீடுகளில் எத்தனை பேர் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறார்களோ!

கடைசியில் காப்பர் டி பக்கம் மனம் நின்றது. பால் சுரப்போடு அதற்குச் சம்பந்தமே இல்லை, தினமும் நினைவில் வைக்க வேண்டியதும் இல்லை. வேண்டும்போது எடுத்துவிடலாம். திருப்பூரில் வேலை பார்க்கும் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு மருத்துவரைப் பார்க்க வந்தார். அத்தைக்குத்தான் பயம். "அது நெஞ்சுக்கு ஏறிவிடும், கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றார். அவரையும் அழைத்துப் போனேன். கர்ப்பப்பையின் படத்தை வைத்து, அங்கிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மிக அரிதாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைக்கலாம், பால் கொடுக்கும் காலத்தில் அந்த வாய்ப்பு கூடுதல், அப்படியும் ஆயிரத்தில் ஒரு சிலருக்கே என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதனால்தான் அவரையே நம்பினேன். நிறைய பேருக்குப் பொருத்திப் பழகிய கை அவருடையது என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

எனக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு. காப்பர் டி முதல் மாதங்களில் உதிரப்போக்கைக் கூட்டும் என்பதால், பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதத்துக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடச் சொன்னார்.

பொருத்துவதற்கு முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தார்கள். கர்ப்பப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கையால் பார்த்தார்கள், பிறகு உள் ஆழத்தை அளந்தார்கள். அளக்கும்போது அடிவயிற்றில் ஒரு பிடி பிடித்தது, மாதவிலக்கின் முதல் நாள் வலிபோல. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அன்று மாலை வரை இடுப்பு கடுத்தது, மறுநாள் இல்லை. அரசு மருத்துவமனை என்பதால் செலவும் இல்லை. மாதவிலக்கு திரும்பியதும் ஒருமுறை வந்து, காப்பர் டியின் முனையிலிருந்து தொங்கும் நூல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். காய்ச்சல், கடும் வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் வந்தாலோ, நூல் தட்டுப்படாவிட்டாலோ உடனே வர வேண்டும்.

எனக்கு மாதவிலக்கு திரும்பியபோது முதல் இரண்டு மூன்று முறை போக்கு அதிகமாகத்தான் இருந்தது. பள்ளியில் வகுப்புக்கு நடுவே எழுந்துபோக முடியாமல் சிரமப்பட்டேன். பிறகு படிப்படியாகக் குறைந்தது. மகள் பகலில் புட்டியும் இரவில் என் பாலுமாக வளர்ந்தாள்.

எனக்குப் பொருத்தியது பத்து ஆண்டு வகை. ஐந்து ஆண்டு வகையும் அரசு மருத்துவமனையில் உண்டு. மகளுக்கு இரண்டரை வயது ஆகும்போது எடுத்துவிடலாம் என்று பேசியிருக்கிறோம். எடுத்ததும் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும் என்றார் டாக்டர்.