கட்டியகாரன் கால்

மலர்க் குழுவினர் இந்த முறை எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: உங்களுக்கு மிக நெருக்கமான கலை எது, ஏன்? நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்த மனைவி, "இதில யோசிக்க என்ன இருக்கு? சினிமாப் பாட்டு எண்டு எழுதுங்க" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் உண்டு. காரில் நான் கேட்பது அதைத்தான். கச்சேரிகளுக்குப் போய் முன்வரிசையில் இருந்து தலையாட்டியிருக்கிறேன். மகளுக்குப் பரதம் பழக்கி, மண்டபம் பிடித்து, கடன்பட்டு அரங்கேற்றமும் செய்து வைத்தேன். ஆனால் ரொறன்ரோவில் தை மாதக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, சப்பாத்துக்குள் என் கால் தானாகப் போடுவது 'தாதிமி தத்தித் தெய்யே' என்கிற வடமோடிக் கூத்துத் தாளக்கட்டு. பக்கத்தில் நிற்பவர்கள் குளிருக்கு மிதிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதைப் பாடசாலையில் நான்கு வருடம் மறைத்து வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் படுவான்கரைப் பொடியன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறது, 2014இல் திறந்தார்கள். எங்கள் காலத்தில் துறையில் காத்து நின்று வாவியைக் கடந்து, அங்கால் பஸ் ஏறி, ஆரையம்பதி, காத்தான்குடி தாண்டிக் கல்லடிப் பாலத்தால் டவுனுக்கு வந்து சேர வேண்டும். தினமும் இந்தப் பாடு வேண்டாம் என்றுதான் ஆறாம் வகுப்பில் என்னை விடுதியில் சேர்த்தார்கள். வந்த முதல் வாரமே, எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்ட ஒருவன் "ஓ, கூத்தாடிகள்ற ஊரோ?" என்றான். அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். ஒரு ஆசிரியர், அவர் பெயர் வேண்டாம், கணக்குப் பிழைத்த ஒரு நாள் "கூத்துக்குப் போறவனுக்குக் கேத்திர கணிதம் என்னத்துக்கு?" என்று வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்தார். அன்றிலிருந்து நான் ஊரைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாராவது கேட்டால் கொக்கட்டிச்சோலைத் தேர்த் திருவிழாவைப் பற்றி மட்டும் சொல்வேன். அது மரியாதையான விஷயம்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இந்த மலரை வாசிப்பார்கள் என்பதால் ஊரில் கூத்து எப்படி வரும் என்று கொஞ்சம் எழுதுகிறேன். பெரும்போக வேளாண்மை வெட்டி, சூடு மிதித்து, நெல் வீட்டுக்கு வந்த பிறகு ஊரில் பெரியவர்கள் கூடுவார்கள். கூத்தைப் பழக்கி, மத்தளம் அடித்து நடத்துகிற அண்ணாவியாரை வெற்றிலை வைத்து அழைப்பார்கள். ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அவர் முடிவுசெய்து ஏட்டைக் கையில் கொடுப்பார். அதற்குச் 'சட்டம் கொடுத்தல்' என்று பெயர். மறுகா மாதக்கணக்காக இரவுப் பழக்கம். கால் பிடிபட்டதும் சதங்கை அணிகிற நாள், கடைசியில் அரங்கேற்றம். நம் பக்கத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணச் சண்டைகள், ஆட்டமும் உரம். தென்மோடியில் பாட்டு இழைந்து போகும். எனக்கு வாய்த்தது வடமோடி.

வட்டமாக மண் உயர்த்திய களரி, சுற்றிவரச் சனம், களரிக்குள்ளேயே மத்தளத்தோடு அண்ணாவியார். சல்லாரி என்கிற கைத்தாளம் போடுகிறவர்களும் பிற்பாட்டுக்காரர்களும் அவரோடு. மேடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற வாத்தியக்குழு என்று ஒன்று கிடையாது. அரசன் வரவுக்கு அவனுடைய மாமன் வெடி கொளுத்துவான். பாட்டில் ஒரு சொல் பிசகினால் பாயில் படுத்திருக்கிற கிழவி எழும்பிச் சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பாள். அவளுடைய புருஷன் முப்பது வருடத்துக்கு முன் அதே பாத்திரத்துக்கு ஆடியிருப்பான். இரவு தொடங்கினால் வாழி பாடி முடிய விடிந்துவிடும். சின்ன வயதில் பாதிக் கூத்தை நான் நித்திரையில்தான் பார்த்திருக்கிறேன்.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. எங்கள் ஊரில் கூத்து உடுப்புப் பெட்டி இருந்த வீட்டின் கூரை போய்விட்டது. கரப்புடுப்புகள் ஊறி நாசம். மீன் பிடிக்கக் குத்துகிற கரப்பு மாதிரி இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் அரச உடுப்பு அது. ஒரேயொரு கிரீடம் மட்டும் கண்ணாடித் துண்டுகள் உதிர்ந்து, சாயம் கரைந்து, எப்படியோ மிஞ்சியது. அந்தக் கிரீடம் பிறகு வருகிறது.

அடுத்த வருடம், புயல் பிய்த்த மண்டபக் கூரைக்குத் தகரம் போட்டு முடித்த கையோடு, பரிசளிப்பு விழாவில் கூத்துப் போடுவோம் என்று தமிழ் ஆசிரியர் கிளம்பினார். அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பேராசிரியர் வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவர்களை ஆடவைத்து, 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் மேடையேற்றிய கதையை எங்களுக்கு அவர்தான் சொன்னார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மௌனகுரு நம் மட்டக்களப்புக்காரர் என்று சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்துவார். 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர போட்ட 'மனமே' சிங்கள நாடகத்தையே திருப்பிவிட்டது, அவர் எடுத்துக்கொண்ட 'நாடகம' என்ற வடிவத்துக்கு வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். கூத்தாடி என்று சிரித்த அதே பையன்கள் இதைக் கேட்டதும் பேர் கொடுக்க வரிசையில் நின்றார்கள். பேராதனை முத்திரை குத்திய பிறகுதான் கூத்துக்கு மதிப்பு வந்தது என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

நான் பேர் கொடுக்கவில்லை.

அண்ணாவியாரை வாவிக்கு அப்பாலிருந்து அழைத்து வந்தார்கள். எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. என்னை அவருக்குத் தெரியாது. மெலிந்த மனிதர், வலது உள்ளங்கை மத்தளத் தோல் மாதிரியே காய்த்திருந்தது. பழக்கம் நடந்த மாலைகளில் நான் மண்டபத்து யன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். மூன்றாம் நாள் மத்தளத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "இஞ்ச வா மனே" என்றார். "நீ ஆருட மகன்?" எனக்கு வாய் வரவில்லை. "வாய் சொல்லாட்டிப் பரவாயில்ல. கால் சொல்லுது. நீ துறைக்கு அங்கால." யன்னலுக்கு வெளியே நான் தாளம் போட்டுக்கொண்டு நின்றது எனக்கே தெரியாது.

அரசன் பாத்திரம் ஏற்கெனவே போயிருந்தது. மிஞ்சியது கட்டியகாரன். கையில் பிரம்போடு முதலில் வந்து, அரசர் வருகிறார் என்று அறிவித்து ஒதுங்கி நிற்கிற வேலை. நாங்கள் எடுத்தது பாரதக் கதைக் கூத்தான பதினெட்டாம் போரில் ஒரு துண்டு, துரியோதனன் சபைக்கு ஆடி வருகிற கொலுவரவிலிருந்து. துரியோதனனாக ஆடியவன் டவுன் பையன். நல்ல உயரம், நல்ல குரல், கால் மட்டும் வராது. அவன் குனிந்து காலையே பார்ப்பான். அண்ணாவியார் திரும்பத் திரும்ப, "காலப் பாக்காத மனே, காதைக் குடு. கால் தன்ட பாட்டில வரும்" என்பார். அவனுக்கு இரவில் விடுதி வராந்தாவில் கால் பழக்கியது நான்தான். என்னைக் கூத்தாடி என்று முதல் வாரம் கேட்டவனும் அவன்தான். அதற்குப் பிறகு நாங்கள் பிரியவில்லை.

விழா அன்று துரியோதனன் தலையில் அந்தப் புயலுக்குத் தப்பிய கிரீடம். வரவு ஆடி இரண்டாம் சுற்றுக் கிறுகும்போது உள்ளே இற்றுப்போயிருந்த நூல் அறுந்து, கிரீடம் மூக்குவரைக்கும் இறங்கிவிட்டது. அவன் கண் தெரியாமல் நின்றுவிட்டான். முன்வரிசையில் அதிபர், பிரமுகர்கள், பெற்றோர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அண்ணாவியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வரவுத் தாளத்தின் கடைசிக் கட்டுக்குப் போகாமல், அதற்கு முந்தியதையே திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டு, கண்ணால் எனக்குக் காட்டினார். நான் கட்டியகாரனாகவே ஆடிக்கொண்டு போய், அரசருக்கு மரியாதை செய்கிற மாதிரி கையைத் தூக்கிக் கிரீடத்தை ஏற்றி, என் தோள் துண்டால் நாடியோடு சேர்த்துக் கட்டினேன். முடிச்சு இரண்டு தரம் வழுக்கியது. பிற்பாட்டுக்காரர்கள் அதே அடியைத் திரும்பப் படித்தார்கள். முடிச்சு விழுந்த பிறகுதான் மத்தளம் அடுத்த கட்டுக்குப் போனது. பார்த்தவர்களில் பாதிப் பேர் இதுவும் கூத்தில் உள்ளதுதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கூத்து எனக்கு ஏன் நெருக்கம் என்று கேட்டால் அந்த இரண்டு மூன்று நிமிடத்தைத்தான் காட்டுவேன். பிற்காலத்தில் நான் மினக்கெட்டு மிருதங்கம் பழகப் போனேன். தாளத்தில் அரை மாத்திரை பிந்தினால் பாட்டு என்னை விட்டுவிட்டுப் போய்விடும். அதுதான் அந்தக் கலையின் அழகு, குறை சொல்லவில்லை. கூத்தில் அண்ணாவியார் ஆடுகிறவனுக்காக அடிக்கிறார். கால் வரும்வரைக்கும் தாளத்தை நீட்டுவார். ஆடுகிறவன் நெல் வெட்டுகிறவன், மீன் பிடிக்கிறவன், கால் சில நாள் வரும், சில நாள் வராது என்பது அவருக்குத் தெரியும். வேறு எந்தக் கலையும் எனக்காக இப்படிக் காத்து நின்றதில்லை. மற்றவர்கள் வேறு காரணம் சொல்லலாம், எனக்கு இது.

அந்த அண்ணாவியாரை நான் பிறகு காணவில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் சிதறியதும், ஊர்கள் இருளில் கிடந்ததும் இந்த மலரில் பலர் எழுதிய கதை. ஊரில் கூத்து அழியவில்லை. மட்டக்களப்பு சீலாமுனையில் ஜெயசங்கர் போன்றவர்கள் ஊர்ச் சனத்தோடு இருந்து கூத்தை மீளுருவாக்கம் செய்கிறார்கள். போன தடவை போனபோது எங்கள் ஊரிலும் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு முன் இரவுகளில் மத்தளச் சத்தம் கேட்டது.

துரியோதனன் இப்போது சிட்னியில். இரண்டு முழங்காலுக்கும் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறான். இந்தக் கட்டுரைக்காக ஒரு சந்தேகம் கேட்கப் போன மாதம் அழைத்தேன். "வரவுப் பாட்டு ஞாபகம் இருக்காடா?" என்றேன். இருக்கு என்று தொடங்கினான், குரல் அப்படியே இருக்கிறது. இரண்டாம் அடியில் தட்டுப்பட்டு நின்றுவிட்டான். நான் தொலைபேசியை மேசையில் வைத்து, விரலால் தட்டிக்கொண்டு, 'தாதிமி தத்தித் தெய்யே, தாதிமி தத்தித் தெய்யே' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏழெட்டுத் தரம் சொல்லியிருப்பேன். அவன் அடியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.