ரோபோ வேக்குவம்: வாங்கும் முன் ஒரு ஸ்கேலை எடுங்கள்

தாத்தா, பாட்டி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போகும் அப்பா, அம்மா. இப்படி ஆறு பேர் நடமாடும் வீட்டுக்கு, தானே ஓடித் தரைத் தூசியை உறிஞ்சும் ரோபோ வேக்குவம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது உறிஞ்சும் திறனைத்தான். பெட்டியிலும் 4000 பாஸ்கல், 8000 பாஸ்கல் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். டைல்ஸ், மொசைக், கிரானைட் தரைக்கு 2500 பாஸ்கலே தாராளம். அதற்கு மேற்பட்ட திறன் கம்பள விரிப்புக்குத்தான் பயன்படும், நம் ஊர் வீடுகளில் அது அரிது. இங்கே இயந்திரத்தை முடக்கிப் போடுபவை வேறு: நிலைப்படி, தலைமுடி, தரையில் கிடக்கும் சார்ஜர் ஒயர், காலி செய்யாமல் விட்ட குப்பைப் பெட்டி.

அதனால் விலை பார்க்கும் முன் ஒரு ஸ்கேலோடு வீட்டைச் சுற்றி வாருங்கள்.

முதலில் வாசல்கள். பெரும்பாலான ரோபோக்கள் 2 செ.மீ. உயரம் வரை ஏறி இறங்கும். அறைகளுக்கு நடுவே பதித்த கிரானைட் பட்டை 1 செ.மீ., 1.5 செ.மீ. என்றிருந்தால் கவலையில்லை. பழைய வீட்டு மர நிலைப்படி 5 செ.மீ.க்குக் குறையாது, வழக்கமான ரோபோ அதைத் தாண்டாது. சாய்வாக ஒரு ரப்பர் பட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். வயதானவர்கள் இரவில் எழுந்து நடக்கும் வழியில் அதை வைக்காதீர்கள், கால் தடுக்கும். நிலைப்படி நிறைய உள்ள வீட்டில் ரோபோவை அறை அறையாகத் தூக்கி வைக்கத்தான் வேண்டும். மூன்று அறைகளுக்கு மேல் என்றால் பத்தே நாளில் அலுத்துப் போய் மூலையில் வைத்துவிடுவோம். கூடம் மட்டும் பெரிதாக இருந்து, அதற்கு மட்டும் போதும் என்றால் வாங்கலாம்.

அடுத்தது கட்டில், சோபா, பீரோ இவற்றின் அடி. தலையில் சிறு கோபுரம் போல லேசர் சுழலும் லைடார் வகை ரோபோக்கள் 9.5 செ.மீ. முதல் 10 செ.மீ. உயரம் இருக்கும். கோபுரம் இல்லாதவை 8 செ.மீ. அளவில் இருக்கும். கட்டிலுக்கு அடியில் 11 செ.மீ. இருந்தால் எந்த வகையும் நுழையும். சரியாக 10 செ.மீ. என்றால்தான் ஆபத்து: உள்ளே போய்ச் சிக்கி, கட்டிலுக்கு நடுவே நின்றுவிடும், குச்சி விட்டுத்தான் இழுக்க வேண்டும். அந்த இடத்தை ரோபோவுக்கான மொபைல் ஆப்பில் தடை செய்துவிடுங்கள். அகலத்தையும் பாருங்கள். ரோபோவின் குறுக்களவு ஏறத்தாழ 35 செ.மீ. அதைவிடக் குறுகிய சந்து எதுவும் சுத்தமாகாது.

மூன்றாவது, பலர் கவனிக்காமல் விடும் குளியலறை. படிக்கட்டு போன்ற ஆழமான இறக்கத்தை அடியிலுள்ள சென்சார்கள் கண்டுகொண்டு திரும்பிவிடும். குளியலறைத் தரை 3 செ.மீ. மட்டும் தாழ்ந்திருந்தால் அதைத் தரை என்றே எண்ணி இறங்கிவிடுவதுண்டு. இறங்கினால் ஏற முடியாது, ஈரத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும். கதவைச் சாத்தி வைக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் வாசலுக்குக் குறுக்கே ஆப்பில் ஒரு தடைக்கோடு கட்டாயம். பால்கனி நெகிழ் கதவின் அலுமினியத் தடமும் அப்படித்தான், சக்கரம் அதில் மாட்டும்.

கறுப்பு கிரானைட் பார்டர் போட்ட கூடம் என்றால் இன்னொரு சிக்கல். இறக்கத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. கறுப்புத் தரை ஒளியை விழுங்கிவிடுவதால் ரோபோ அதைப் பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்கும். எல்லா மாடலும் இப்படிச் செய்வதில்லை, ஆகவே திருப்பித் தரும் வசதியோடு வாங்கிச் சோதித்துப் பார்ப்பதே வழி. சென்சார் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டும் யோசனை ஒன்று உலவுகிறது. மாடிப்படி உள்ள வீட்டில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், ரோபோ படியில் உருண்டு விழும்.

வகை பற்றி என் தீர்ப்பு ஒன்றுதான். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள வீட்டுக்கு லைடார் வேண்டும். விலை குறைந்தவை, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதையும் எந்தப் பக்கம் திரும்பியது என்று உணரும் கைரோ சென்சாரையும் வைத்து வழி கணிக்கும். நடுவில் ஒரு பிள்ளை அதைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் கணக்கு குழம்பிவிடும். லைடார் சுவர்களைப் பார்த்துத் தன் இடத்தை மீண்டும் கண்டுபிடிக்கும், இருட்டிலும் ஓடும். தரை வரை இறங்கும் நிலைக்கண்ணாடி மட்டும் அதை ஏமாற்றும். கண்ணாடிக்குள் தெரியும் பிம்பத்தை இன்னோர் அறை என்று வரைந்துவிடும். கண்ணாடியின் முன்னால் ஒரு தடைக்கோடு போட்டால் அங்கே போய் முட்டிக்கொண்டிருக்காது.

பொருத்தும் நாளில் இரண்டு விஷயம். ரோபோ தானே வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் சார்ஜிங் டாக்கைச் சுவரோடு ஒட்டி, இரு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடம் விட்டு வையுங்கள். செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தினமும் ஒரு செருப்பு வழியை மறிக்கும். வைஃபை இணைப்பு தோற்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பல ரோபோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே ஏற்கும். ரௌட்டரில் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் இருந்தால் குழப்பம் வரும். ரௌட்டர் அமைப்பில் 5-ஐச் சிறிது நேரம் அணைத்துவிட்டு இணையுங்கள்.

முதல் ஓட்டம் ரோபோ வீட்டின் வரைபடத்தை வரைந்துகொள்வதற்காக. எல்லா அறைக் கதவும் திறந்திருக்க வேண்டும், தரையில் பொருள் இருக்கக் கூடாது, முடிந்தால் ஆளும் குறுக்கே நடக்கக் கூடாது. அந்த வரைபடத்தைச் சேமித்து அறைகளுக்குப் பெயர் வையுங்கள். அதன் பிறகுதான் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பாட்டு மேசைக்கு அடியில் மட்டும் ஓடு என்று சொல்ல முடியும். குடும்ப வீட்டில் அதிகம் பயன்படும் வசதி இதுதான்.

இனி தினசரிப் பாடு. எந்த நேரம் ஓட விடுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. காலை 8 மணிக்குச் சீருடையும் டிபன் பாக்ஸும் காலுறையுமாக வீடே தரையில் கிடக்கும். பள்ளி வேன் போன பிறகு, 9.30 மணியளவில் தொடங்கினால் 1000 சதுர அடி வீட்டை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் அட்டவணை போடாதீர்கள். விளக்கு வைத்த பின் வீடு கூட்டக் கூடாது என்று பாட்டி சொன்னால், ரோபோ ஓடுவதும் அவர் கணக்கில் கூட்டுவதுதான். அவர் மனம் நோகாமல் அதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளலாமே.

தொடங்கும் முன் தரையிலிருந்து எடுக்க வேண்டியவை: மொபைல் சார்ஜர் ஒயர், இயர்போன், கோரைப்பாய், மெல்லிய கால்மிதி, தொங்கும் புடவைக் குஞ்சம், பாவாடை நாடா, உதிர்ந்த பூச்சரம். பூச்சரத்தில் பூவால் தொல்லையில்லை, அதைக் கட்டிய நூலும் வாழைநாரும்தான் ரோபோவின் அடியில் சுழலும் உருளையில் இறுகும். தரை தொடும் திரைச்சீலையை முடிந்து மேலே போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவிடுங்கள். நான்கு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேசையில் மொத்தம் இருபது கால்கள். அந்தக் காட்டுக்குள் ரோபோ பத்து நிமிடம் திண்டாடும். நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்தால் இரண்டு நிமிடத்தில் முடித்து வெளியே வரும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் கூடை கொடுத்து, தூங்கும் முன் தரையில் கிடப்பதை அள்ளிப் போடச் சொன்னால் காலை வேலை பாதியாகும்.

ரோபோவிடம் கொடுக்கவே கூடாதவை சில. ஈரமான எதையும் கொடுக்காதீர்கள்: சிந்திய இட்லி மாவு, தயிர் சாதம், குழந்தையின் சிறுநீர், மலம். சக்கரத்திலும் உருளையிலும் ஒட்டி வீடு முழுக்க இழுத்துவிடும், கழுவி முடிக்க அரை நாள் ஆகும். டயப்பர் இல்லாமல் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தானியங்கி அட்டவணையே வேண்டாம். யாராவது தரையைப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தட்டும். அடுத்தது பொடிகள். கோலமாவு, விபூதி, சாம்பல், சுவரில் துளை போட்ட சிமெண்ட் தூசி எல்லாம் வடிகட்டியின் நுண்துளைகளை அடைத்துவிடும், உறிஞ்சும் திறன் விழும், மிக நுண்ணிய பொடி மோட்டார் வரை போகும். பூஜை அறையைத் தடைப்பகுதியாக வைத்து அங்கே துடைப்பத்தையே பயன்படுத்துங்கள். சிந்திய அரிசி, கடுகு, முறுக்குத் துணுக்கு போன்றவற்றை நன்றாக எடுக்கும். ஆனால் பக்கவாட்டு பிரஷ் வேகமாகச் சுழலும்போது கடுகு நாலாபக்கமும் சிதறும். பிரஷ் வேகத்தைக் குறைக்க முடியும் மாடலில் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை ஓட விடுங்கள்.

தலைமுடிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுது என்று கொண்டு போகும் ரோபோக்களில் பலவற்றுக்குத் தேவை ஒரு கத்தரிக்கோல்தான். நீளமான முடி உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் வாரம் இருமுறை உருளையைக் கழற்ற வேண்டும். இயந்திரத்தை அணைத்து, மெல்லிய துணி மேல் கவிழ்த்து வையுங்கள். உருளையை மூடியிருக்கும் சட்டத்தின் இரு கொக்கிகளை அழுத்தினால் அது வெளியே வரும். உருளையின் நீளவாக்கில் கத்தரிக்கோலை ஓட்டி முடியை வெட்டி உருவுங்கள். பிறகு இரு முனைகளிலும் உள்ள மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்கேதான் எண்ணெய் தேய்த்த முடி தூசியோடு சேர்ந்து நூல்கண்டு போல இறுகியிருக்கும். அதை விட்டுவிட்டால் உராய்வில் சூடேறி முனைப் பிளாஸ்டிக் உருகித் தேயும். பக்கவாட்டு பிரஷ்ஷின் அச்சிலும் இதே கதை, ஒரு திருகுதான், கழற்றிவிடலாம். முன்சக்கரம் இழுத்தால் கையோடு வரும். அதன் அச்சில் முடி சுற்றினால் சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டே போகும், தரையில் கோடு விழும், வரைபடமும் கோணலாகும். பிரஷ் மயிர் கொண்ட உருளையைவிட ரப்பர் உருளையில் முடி குறைவாகச் சிக்கும். வாய்ப்பிருந்தால் அதையே கேளுங்கள்.

குப்பைப் பெட்டி 300 முதல் 500 மி.லி. மட்டுமே. தினமும் காலி செய்யுங்கள். உணவுத் துணுக்கு இருப்பதால் ஒரே இரவில் எறும்பு வரிசை கட்டும், கரப்பான் வரும். கொட்டும் முன் ஒரு பழைய செய்தித்தாளில் பரப்பிப் பாருங்கள்: தோட்டின் திருகாணி, கொலுசு மணி, ஊக்கு, பொம்மைத் துண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். தானே காலி செய்துகொள்ளும் டாக் இரண்டு மாதத்துக்குப் பையை மாற்ற வேண்டாம் என்று விற்கப்படுகிறது. நம் ஊர் வெக்கையிலும் மழைக்கால ஈரப்பதத்திலும் சோற்றுப் பருக்கை கலந்த குப்பையை இரண்டு மாதம் வீட்டுக்குள் வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பையை மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். அந்த டாக் காலி செய்யும் சில நொடிகளில் பல நூறு வாட் இழுக்கும், சிறிய இன்வெர்ட்டர் தாங்காது. சாதாரண டாக்கை இன்வெர்ட்டர் இணைப்பில் போடலாம், போடுவதே நல்லது. ரோபோ வெளியே இருக்கும்போது கரண்ட் போனால் டாக் அனுப்பும் சமிக்ஞை நின்றுவிடும், டாக்குக்கு முன்னாலேயே தடவித் திரிந்து பேட்டரி தீர்ந்து நிற்கும்.

வடிகட்டியை வாரம் ஒருமுறை குப்பைத்தொட்டி விளிம்பில் தட்டுங்கள். கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டுமே கழுவி, நிழலில் 24 மணி நேரம் காயவிடுங்கள். ஈரத்தோடு போட்டால் பூஞ்சை வாடை வீடெல்லாம் அடிக்கும். இரண்டு வடிகட்டி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது வசதி.

துடைக்கும் வசதி பற்றிச் சுருக்கமாக. 200, 300 மி.லி. தண்ணீர்த் தொட்டியும் ஒரு ஈரத்துணியும் தூசிப் படலத்தை எடுக்கும், அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காது. அதற்கு மாப்தான். தொட்டியில் பினாயில், ப்ளீச்சிங் பவுடர் எதுவும் ஊற்றாதீர்கள், பம்பையும் ரப்பர் வளையத்தையும் அரித்துவிடும். போர்வெல் உப்புத் தண்ணீர் துளைகளில் வெள்ளையாகப் படியும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஓடி முடித்ததும் துணியைக் கழற்றித் துவைத்துக் காயப்போடுங்கள்.

கைக்குழந்தை தரையில் படுத்திருக்கும் அறையில் ஓட விடாதீர்கள், பிரஷ் தலைமுடியை இழுக்கும். ஆப்பில் குழந்தைப் பூட்டு இருந்தால் போடுங்கள். மேலே உட்கார்ந்து சவாரி செய்யும் பிள்ளைகளால் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் லைடார் கோபுரமும் உடையும். தாத்தா, பாட்டி எழுந்து நடக்கும் நேரத்தில் ரோபோ எதிர்பாராமல் காலடிக்கு வந்துவிடக் கூடாது. அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது தொடங்கி, ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள்.

சர்வீஸுக்குப் போன் செய்யும் முன் பார்க்க வேண்டியவை. பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால் முன்பக்க மோதுபட்டையில் துணுக்கு சிக்கியிருக்கும், இரு பக்கமும் தட்டிவிடுங்கள், அடியிலுள்ள சென்சார்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரே இடத்தில் வட்டமடித்தால் ஒரு பக்கச் சக்கரத்தில் நூல் சுற்றியிருக்கும். டாக்கில் நின்றும் சார்ஜ் ஏறாவிட்டால் இரண்டு உலோகத் தகடுகளையும் பள்ளி அழிரப்பரால் தேயுங்கள். சத்தம் திடீரென்று கூடினால் வடிகட்டியைப் பாருங்கள். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் பாதி நேரம்தான் தாங்கும், அது தேய்மானம். அதனால் வாங்கும் அன்றே அந்த மாடலுக்கு பேட்டரி, உருளை, வடிகட்டி, பக்கவாட்டு பிரஷ் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.