பிள்ளையின் கண் எங்கே போகிறது?

சிவப்புத் தொப்பிக்காரி கதைக்குப் படம் போட்டுத் தரச் சொல்லி ஒரு பதிப்பகம் கேட்டிருக்கிறது. ஒத்துக்கொண்டதிலிருந்து, முன்னால் போட்டவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. நான் கண்ட மட்டும், ஓநாயின் பல்லை வைத்து ஓவியரை எடைபோட முடியாது. பல்லை யாரும் வரைவார்கள். பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆள் கதையை எப்படிப் படித்திருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே, இந்தக் கதையை முதலில் அச்சில் தந்த பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் கதைகளுக்கு 1862-ல் போட்ட கட்டில் படம் ஒன்று உண்டு. மரத்தில் செதுக்கி அச்சடித்தது, கறுப்பு வெள்ளைதான். பெயரிலேயே சிவப்பு இருக்கிற பிள்ளைக்குச் சிவப்பு கிடையாது! ஓநாய் பாட்டியின் தொப்பியை மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறது, பக்கத்தில் அவள். போர்வையை நெஞ்சுவரை இழுத்துப் பிடித்தபடி கண்ணை மட்டும் ஓநாய் பக்கம் ஓட்டுகிறாள். அலறவில்லை, எழுந்து ஓடவும் இல்லை. ஏதோ சரியில்லை என்று புரிகிறது, ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை. அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

பெரோ 1697-ல் எழுதிய கதையில் காப்பாற்ற ஒருத்தரும் வரமாட்டார்கள். ஓநாய் தின்றுவிடும், கதை தீர்ந்தது. நாம் பள்ளிக்கூடத்தில் கேட்ட, வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுக்கிற வேட்டைக்காரன், 1812-ல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் வருகிறவன். அவன் இருக்கிறான் என்ற தைரியத்தில் பின்னால் வந்த எத்தனையோ பேர் பிள்ளையைப் பொம்மையாக்கிவிட்டார்கள். கன்னம் சிவக்க, கூடையைத் தூக்கிக்கொண்டு, பூவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் படங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வார்யா லாவாட்டர் என்ற சுவிஸ் ஓவியர் கண்ணையே எடுத்துவிட்டார். 1965-ல் வந்த அவருடைய புத்தகம் விசிறி மாதிரி மடித்து மடித்து விரிகிற ஒரே நீளத் தாள். பிள்ளை ஒரு சிவப்புப் புள்ளி, ஓநாய் ஒரு கறுப்புப் புள்ளி, காடு முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அவ்வளவுதான். கறுப்பு நெருங்க நெருங்க நமக்கே பதற்றம் வருகிறது. புகைப்படக் கலைஞர் சாரா மூன் 1983-ல் இதே கதைக்குச் செய்தது இன்னும் மோசமான பயம். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், ராத்திரி நேரத்து நகரத் தெரு, பள்ளிக்கூடப் பிள்ளை, அவள்மேல் வெளிச்சம் அடிக்கிற ஒரு கார். ஓநாய் என்ற மிருகமே இல்லை. கடைசியில் கசங்கிய படுக்கை விரிப்பு. குழந்தைகள் புத்தகமா இது என்று கேட்பவர்கள் பெரோவை ஒருமுறை முழுசாகப் படிக்கட்டும்.

ஓவியர் எட் யங் 1989-ல் இதே மாதிரிச் சீனக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டார். அதில் பிள்ளைகள் மூன்று பேர். ஓநாய் பாட்டி வேஷத்தில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மூத்தவள் கண்டுபிடிக்கிறாள், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ஜிங்கோ மரத்துக் காய் தின்ன ஆசை காட்டி, ஓநாயைக் கூடையில் உட்கார வைத்து மேலே இழுத்து, கயிற்றை விட்டுவிடுகிறாள். வேட்டைக்காரனுக்கு அங்கே சோலியே இல்லை.

நம்ம பக்கம் ஓநாயைக் கண்டவர்கள் யார்? நரி ஊளை கேட்டிருப்போம். சனிக்கிழமை என்னிடம் படம் படிக்க வருகிற பிள்ளைகளிடம் கதையைச் சொல்லி வரையச் சொன்னேன். ஒருத்தி குலசேகரம் பக்கத்துக்காரி, ரப்பர் தோட்டம் வரைந்திருந்தாள். ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக வெட்டு, கீழே சிரட்டை கட்டியிருக்கிறது. காடு எங்கே என்று கேட்டேன். "இதுதான் சார் காடு. ஓநாய்க்கு ஒளியறதுக்கு எடம் இல்ல, பாத்தேளா? நேர் வரிசை." ஐரோப்பிய ஓவியர்கள் வளைந்து நெளிந்த மரத்துக்குப் பின்னால் ஓநாயை ஒளித்து வைத்தே பயம் காட்டினார்கள். இவள் தோட்டத்தில் அது வரிசையின் அந்தக் கடைசியில் நிற்கிறது, தூரத்திலிருந்தே தெரிகிறது. பாட்டிக்குப் பதில் விடியும் முன்னே பால் வெட்டப் போன அம்மச்சி. அவளுக்குக் கட்டன்சாயா கொண்டுபோகிற பேத்தியின் நெற்றியில் டார்ச். அந்த வெளிச்சத்தில் ஓநாயின் இரண்டு கண் மட்டும் மினுங்குகிறது.

பிள்ளையின் கண்ணோ உருட்டி விழித்த பெரிய கண். "எளா, இது என்ன இசக்கி கணக்கா முழிக்கா?" என்று பக்கத்தில் இருந்த பையன் கேலி செய்தான். அவள் கோபிக்கவில்லை. "ஆமா, அப்படித்தான்" என்றாள். உக்கிர தெய்வம் இசக்கியம்மன் கோயில் இருக்கிற முப்பந்தல் வழியே பஸ்ஸில் போய்வருகிற ஊரில், காட்டில் தனியாக நிற்கிற பெண்ணைப் பார்த்து யார் பயப்பட வேண்டும் என்பது வேறு கணக்கு. கொலையுண்டு பேயாகத் திரும்பிவந்து பழிவாங்குகிற நீலியின் கதையை வில்லுப்பாட்டில் கேட்ட பாட்டிமாருக்குப் பெரோ வியப்பாகவே இருக்க மாட்டார்.

டார்ச் யோசனையை அந்தப் பிள்ளையிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். அவள் பெயரும் புத்தகத்தில் வரும். பதிப்பகத்துக்குத்தான் சம்மதமில்லை, அட்டையில் வேட்டைக்காரன் துப்பாக்கியோடு வேண்டுமாம். இரண்டு மாதிரி அனுப்பியிருக்கிறேன். இரண்டிலும் அவன் இல்லை.