முதுகில் ஊசி போடுவதற்கு முன்னால்

என் மகன் பிறக்கும்போதே தலையில் நீர் கோத்திருந்தது. ஹைட்ரோகெபாலஸ். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. முக்கால் ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, அவ்வளவுதான் சொத்து. வேறு செல்லாக மாறக்கூடிய செல்லை ஊசியாகப் போடும் ஸ்டெம் செல் சிகிச்சைக்காக அந்த மிளகை இரண்டு வருஷத்துக்குக் குத்தகைக்கு விடப் பேசி முடித்துவிட்டோம். அப்புறம் என்ன நடந்தது என்று எழுதுகிறேன். இதே ஊசியைப் பற்றி யோசித்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடக்கிற அம்மா யாராவது படிக்கட்டும்.

2019இல் பிறந்தான். நர்ஸ் டேப் வைத்து அளந்தபோது தலைச் சுற்றளவு 41 சென்டிமீட்டர். மற்றக் குழந்தைகளுக்கு 35ஐ ஒட்டி இருக்கும். மூளைக்குள் ஊறுகிற நீர் வடிகிற பாதை குறுகலாக இருந்ததால், உள்ளே இருக்கும் அறைகள் வீங்கி மூளையை ஓட்டோடு சேர்த்து அழுத்தியிருந்தன. பதினோராம் நாள் சேலம் ஜி.எச்.சில் ஷன்ட் வைத்தார்கள். காது பின்னாலிருந்து கழுத்து, நெஞ்சு வழியாகத் தோலுக்கு அடியிலேயே போய் வயிற்றுக்குள் முடிகிற மெல்லிய குழாய். பிள்ளை வளர வளரக் குழாய் எட்ட வேண்டும் என்று வயிற்றில் கொஞ்சம் நீளம் கூடவே விட்டிருந்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவு இல்லை.

உயிர் பிழைத்தான். ஆனால் நாலு வயதாகியும் நடக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வார்த்தை. இடது கை எப்போதும் மடங்கியே இருக்கும். அக்கம்பக்கத்தில் "தலைதான் சரியாயிருச்சே, இன்னும் ஏன் நடக்கல?" என்று கேட்பார்கள். நீரை வடிக்கத்தான் ஷன்ட். அழுத்தம் ஏற்கனவே நசுக்கிவிட்ட நரம்பு இழைகளை அது திருப்பித் தராது. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவே ரொம்ப நாள் ஆனது.

அந்தச் சமயத்தில்தான் வெளிமாநில நகரம் ஒன்றிலிருக்கும் ஒரு மையத்தின் வீடியோ போனில் வந்தது. நம்பரைக் கொடுத்த அரை மணி நேரத்தில் ஒரு பெண் தமிழிலேயே கூப்பிட்டாள். "அக்கா, தம்பியோட இடுப்பெலும்புலருந்தே மஜ்ஜை எடுத்து, செல்லைப் பிரிச்சு முதுகுத்தண்டுல போடுவோம். அவனோட செல்தானே, ஒண்ணும் பண்ணாது." நாலு லட்சம். வயது ஏற ஏறப் பலன் குறையும், சீக்கிரம் வாங்க என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அத்தை தன் தோடைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மிளகு வியாபாரி முன்பணத்துக்குச் சம்மதித்தார். பழைய ஸ்கேனை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தேதி கொடுத்துவிட்டார்கள். ஷன்ட் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

2024 ஜனவரி. நகையை அடகு வைக்கச் சேலத்துக்கு இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் வாந்தி எடுத்தான். மலை பஸ்ஸில் வாந்தி எடுக்காத பிள்ளை யார்? கண்டக்டர் எலுமிச்சம்பழம் கொடுத்தார், மோந்து பார்க்க வைத்தேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் எடுத்தான். பஸ் அலுப்பு என்று படுக்கவைத்தேன். மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் மறுபடியும். எழுப்பினால் கண்ணைத் திறந்து மூடிக்கொள்கிறான். "சாமி, அம்மாவப் பாரு" என்று முகத்தைத் திருப்பினேன். கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிந்தது. பிறந்தபோது பார்த்த அதே கண். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் ஜீப் கூட்டிவர ஓடினார்.

ஜி.எச்.சில் கேட்ட முதல் கேள்வி, "பழைய ஸ்கேன் ஃபிலிம் இருக்கா?" இருந்தது, மஞ்சப்பையில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். அவனுக்கு அறைகள் எப்போதுமே கொஞ்சம் பெரிதுதான். அதனால் புது ஸ்கேனைப் பழையதோடு வைத்துப் பார்த்தால்தான் இன்னும் வீங்கியிருக்கிறதா என்று தெரியும். வீங்கியிருந்தது. குழாய் அடைத்துக்கொண்டது. அன்று ராத்திரியே மாற்றினார்கள். ஷன்ட் வைத்த பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து அந்த ஃபிலிமைப் பத்திரப்படுத்துங்கள். வாந்தி, விடாத தூக்கம், தலைவலி, கண் இறங்குவது, இதில் எது வந்தாலும் பஸ்மேல் பழி போடாதீர்கள். நான் ஒரு நாளைத் தொலைத்தேன்.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த நரம்பு அறுவை மருத்துவரிடம் ஸ்டெம் செல் தேதியைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தலைக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கறப்ப முதுகுல ஊசி குத்தி அது வழியா நீர் வெளியேறினா மூளை கீழ இறங்கி அமுங்கிடும்மா. உயிரே போகலாம்" என்றார். வியாபாரியிடம் முன்பணம் வாங்கப் போகிற வாரம் அது. வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். ரத்த நோய்களுக்குச் செய்கிற எலும்பு மஜ்ஜை மாற்று நிலைபெற்ற சிகிச்சை. மூளைப் பாதிப்புக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பதிவுசெய்த ஆய்வில்தான் போடலாம், ஆய்வில் சேர்கிறவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இதே குறையோடு பிறந்த சிசுக்களுக்கு அவர்கள் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிப் பார்த்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஏற்றுவதில் உடனடி ஆபத்து இல்லை என்பதுதான் அதில் தெரிந்தது. மூளை சீரானது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வார்டு வராந்தாவில் நின்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். இது ஆய்வா? ஆய்வென்றால், இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்கிற சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு எண் என்ன? ஏன் நாலு லட்சம்? "இது ட்ரையல் இல்லக்கா, ட்ரீட்மென்ட்" என்றாள். எண் இல்லை. மூன்று தடவை கேட்டும் பேச்சை மாற்றினாள். சி.டி.ஆர்.ஐ. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். அக்கா மகன் தேடினான். அந்த மையத்தின் பெயரில் இந்த நோய்க்கு எதுவும் வரவில்லை. தேதியை ரத்து செய்தேன்.

அன்றைக்கு அழுதேன், மறைப்பானேன். ஏமாறாமல் தப்பித்த நிம்மதி இல்லை அது. நடந்துவிடுவான் என்று ஐந்து மாதமாக நினைத்திருந்தேன்.

அத்தையின் தோடு இப்போது அவர் காதில். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு இறங்குகிறோம், போக வர நாள் முழுக்கப் போய்விடும். கூலியும் போகும். மடங்கிய கையை நீட்டிக் கட்ட ஸ்பிளின்ட், நிற்கப் பழக மரச்சட்டம். வீட்டில் காப்பி காயப்போடும் களத்தில் அவர் மூங்கில் கம்பு இரண்டை இணையாக நட்டுக் கொடுத்திருக்கிறார். போன தை மாதம் அதைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தான். இப்போது ஒன்பது.

மலை பஸ்ஸில் இன்னமும் வாந்தி எடுக்கிறான். அடிவாரம் வந்ததும் மடியில் திருப்பி உட்காரவைத்துக் கண்ணைப் பார்ப்பேன். "சாமி, அம்மாவப் பாரு." பார்க்கிறான்.