சாத்தம் தீவுகளை ஹாம்பர்க் வாங்கியிருந்தால்: இதுவரை எழுதியது

ஜெர்மன் காலனி என்றாலே 1884க்குப் பிறகு பிஸ்மார்க் காலத்தில் பிடித்த ஆப்பிரிக்க நிலங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஜெர்மனி என்று ஒரே நாடு உருவாகாத காலத்தில், ஹாம்பர்க் வணிகர்கள் பசிபிக்கில் நியூசிலாந்துக்குக் கிழக்கே இருக்கும் சாத்தம் தீவுகளுக்கு விலை பேசியிருக்கிறார்கள். 1841 செப்டம்பர் 12 அன்று ஹாம்பர்க் நகரத்தின் சிண்டிக் (நகர அரசின் மூத்த சட்ட அதிகாரி) கார்ல் ஸீவெகிங், நியூசிலாந்தில் நிலம் வாங்கிக் குடியேறிகளை அனுப்பிய லண்டன் நிறுவனமான நியூசிலாந்து கம்பெனியின் செயலாளர் ஜான் வார்டுடன் ஒப்பந்தம் போட்டார். விலை 10,000 பவுன். அந்த ஒப்பந்தம் நிலைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஒரு மாற்று வரலாறு எழுதி வருகிறேன். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று இங்கே பதிகிறேன்.

முதலில் வரைபடம். 1840இல் பிரிட்டன் அறிவித்த நியூசிலாந்து எல்லை, கிழக்குத் தீர்க்கரேகை 166°5' முதல் 179° வரை. கணினியில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைத் திறந்து அந்த 179° கோட்டைப் போட்டுப் பார்த்தேன். சாத்தம் தீவுகள் அதற்கு வெளியே, நாலரை டிகிரி தள்ளி, 180ஐயும் தாண்டி மேற்குத் தீர்க்கரேகைப் பக்கம் கிடக்கின்றன. ஸீவெகிங்குக்குக் கிடைத்த வாசல் அந்த இடைவெளிதான். 1842 ஏப்ரல் 4 அன்று லண்டன் புதிய அரசாணை போட்டு, எல்லையை விரித்து, அந்த வாசலை அடைத்துவிட்டது.

அப்படியானால் வரலாறு கிளை பிரியும் இடம் ஏப்ரல் 4தான், காலனி அமைச்சர் ஸ்டான்லி பிரபுவின் லண்டன் அலுவலகம் ஓராண்டு பேசாமல் இருந்தால் போதும் என்று தோன்றும். போதாது. ஒரு மாதம் கழித்து, மே 5 அன்று ஹாம்பர்க்கில் தீப்பிடித்தது. 8ஆம் தேதி வரை எரிந்தது. சுமார் 20,000 பேர் வீடிழந்தார்கள். ஊரையே திரும்பக் கட்ட வேண்டிய வணிகர், உலகத்தின் மறுகோடியில் இருக்கும் தீவுக்குப் பணம் போடுவாரா? அதனால் என் கதையில் இரண்டு மாற்றங்கள்: லண்டன் தாமதிக்கிறது, முதல் தவணைப் பணம் தீ விபத்துக்கு முன்பே கைமாறிவிடுகிறது. கப்பலைக் கற்பனை செய்யத் தேவைப்படவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து 1842 டிசம்பரில் கிளம்பிய ‘சங்க்ட் பவுலி’, அடுத்த ஜூனில் ஜெர்மன் குடியேறிகளை நியூசிலாந்தின் நெல்சனில் உண்மையிலேயே இறக்கியது. அதே கப்பலை சாத்தமின் வைடாங்கி கரைக்குத் திருப்பிவிட்டேன்.

இதுவரை எல்லாம் காகித வேலை. கப்பல் கரை சேர்ந்த பிறகுதான் கனமான பகுதி தொடங்குகிறது. மாற்று வரலாறு எழுதுபவர்களில் பலர் இப்படிப்பட்ட தீவை வெறும் கொடி நடும் இடமாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாத்தம் மொரியோரி மக்களின் மண். 1835இல் நியூசிலாந்திலிருந்து ங்காட்டி முதுங்கா, ங்காட்டி தாமா என்ற மாவோரிக் குழுவினர் சுமார் 900 பேர் வந்து இறங்கினார்கள். மொரியோரிகள் தே அவாபட்டிகியில் கூடிப் பேசி, கொலை செய்வதில்லை என்ற, தங்கள் மூதாதைத் தலைவர் நுனுக்குவின் பழைய சட்டத்தையே காப்பது என்று முடிவெடுத்தார்கள். அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் அடிமைகளானார்கள். அந்தத் தீவைத்தான் கம்பெனி விற்க வந்தது. மொரியோரிகளிடம் யாரும் கேட்கவில்லை.

பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்த பிறகும் அவர்களுக்கு விடிவு கிடைக்கவில்லை. 1862 கணக்கில் மிஞ்சியவர்கள் 101 பேர்தான். அடுத்த ஆண்டுதான் அடிமைத்தனம் முடிந்ததாக அறிவித்தார்கள். ஹாம்பர்க் வந்திருந்தால் இது மாறியிருக்குமா என்பதுதான் என் கதையின் ஒரே கேள்வி.

மாறியிருக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஹாம்பர்க் உள்ளிட்ட ஹான்சா வணிக நகரங்கள் 1837இலேயே அடிமை வணிகத்துக்கு எதிரான பிரிட்டிஷ்-பிரெஞ்சு உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டன. ஸீவெகிங்கும் பக்திமான், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இறையியலாளர் விஹெர்ன் தொடங்கிய ரவ்ஹெஸ் ஹவுஸ் இல்லத்துக்கு இடம் கொடுத்தவர். ஆனால் அந்த உடன்படிக்கை கடலில் ஆட்களை ஏற்றிச் செல்வதைத்தான் தடுத்தது, நிலத்தில் அடிமையாக வைத்திருப்பதை அல்ல. குடியேறிகளுக்கோ முதல் குளிர்காலத்தைத் தாண்ட உருளைக்கிழங்கு வேண்டும். திமிங்கல வேட்டைக் கப்பல்களுக்கும் தீவில் விற்றது அதுதான், அதை விளைவித்தவர்கள் மொரியோரி அடிமைகள்.

அதனால் முதல் அத்தியாயத்தை ஒரு கூடை உருளைக்கிழங்கில் தொடங்கியிருக்கிறேன். ஜூன் மாதக் குளிர்காற்றில், கப்பலிலிருந்து இறங்கிய ஒரு பெண் கூடையை வாங்கி, துணி விற்ற காசை மாவோரித் தலைவன் கையில் கொடுக்கிறாள். கூடையைச் சுமந்து வந்த மொரியோரி காசைப் பார்க்கவே இல்லை, அடுத்த கூடைக்குத் திரும்பி நடக்கிறார். அவர் விரல் இடுக்கெல்லாம் கரிய மண். அந்தப் பெண் அன்றைக்கு எதுவும் கேட்பதில்லை. கேட்டிருப்பாள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, பசித்த பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள்.

என் தீர்ப்பு இப்போதைக்கு இதுதான்: விடுதலை சில ஆண்டுகள் முன்கூட்டி வரும், ஆனால் தீவை வாங்கிய ஹாம்பர்க் வணிகர்களால் அல்ல, விஹெர்ன் அனுப்பும் ஆட்களாலும் மொரியோரிகள் தாங்களே எழுதும் மனுக்களாலும். உண்மையிலும் 1862இல் ஆளுநர் ஜார்ஜ் கிரேவுக்கு அவர்கள் மனு எழுதியிருக்கிறார்கள். என் கதையில் மனு ஹாம்பர்க் செனட்டுக்குப் போகிறது, அதுவும் 1846இலேயே.

அடுத்தது 1848. ஸீவெகிங் 1847இல் இறந்துவிடுகிறார், அதை நான் மாற்றவில்லை. மறுவருடம் டென்மார்க்குடன் போர், டேனிஷ் கப்பல்கள் ஜெர்மன் துறைமுகங்களை முற்றுகையிடுகின்றன. போர் தொடங்கும்போது ஹாம்பர்க்கிடம் ஒரு போர்க்கப்பல்கூட இல்லை. கடிதமும் பணமும் நின்றுபோன தீவில் யார் யாரை நம்பிப் பிழைப்பார்கள் என்பதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.